லண்டனுக்குப் போன வெண்டைக்காய்

மும்பையை அடுத்த வாஷியில் காய்கறி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தாராவியிலிருந்து தினமும் போய் வருவேன். அக்காவும் அத்தானும் கல்யாணுக்கு அப்பால் ஓடைக்கரை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டபோது, காயை லண்டனுக்கு அனுப்பலாம் என்று மேனேஜரிடம் பேசி முடித்தது நான்தான்.

விமானத்தில் ஏற்றுவதற்கு முன் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். காயில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. மொத்தமும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"நான் மருந்தே அடிக்கலையே, ஈயம் எங்கேருந்து வந்துச்சு?" என்று அத்தான் போனில் கத்தினார்.

ஓடையிலிருந்துதான். மேலே ஒரு சாயப்பட்டறை கழிவை நேராக அதில் விட்டுக்கொண்டிருந்தது. சில நாள் தண்ணீர் சிவப்பாகவே வரும். ஊரே அதைப் பார்த்துப் பழகியிருந்தது.

நான் லீவு போட்டுவிட்டு நிலத்துக்கு ஓடினேன். அதற்குள் எங்கள் ஊர்க்காரப் புரோக்கர் ஒருவர் டெம்போவோடு வந்து நின்றார். "லண்டன்காரன் வேண்டாம்னா போறான். தாராவி மார்க்கெட்ல தள்ளிருவோம்" என்றார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மட்டும் நிமிர்ந்தாள். "அவன் புள்ள திங்கக் கூடாதத எம்புள்ள திங்கணுமோ? டெம்போவ எடுங்கண்ணே."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒங்க மேனேஜர இங்க கூட்டிட்டு வா."

மேனேஜர் வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் லண்டனில் கிராக்கி இருந்தது, அவருக்கும் சரக்கு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தார். அக்கா அரைகுறை மராத்தியில் வீடு வீடாகச் சொல்லி ஊரையே கூட்டியிருந்தாள். தண்ணீர் சுத்தமானால் ஊர் முழுக்க விளைவதை வாங்கிக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். முதலில் எழுந்தவர் பட்டறை முதலாளியின் சொந்த அண்ணன். அவருக்கும் ஓடைக்குக் கீழேதான் நிலம். கூட்டத்துக்கு வந்திருந்த தம்பியை அங்கேயே பிடித்து உலுக்கிவிட்டார். ஊர்ப் பெண்கள் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகாரும் கொடுத்தார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டேதான் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார். ஆனால் கட்டினார்.

தண்ணீர் சுத்தமானாலும் ஈயம் ஊறிய மண்ணை நம்ப முடியாது. அக்கா ஓடைக்கரையை விட்டுவிட்டு, மேட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்துக்கு மாறினாள். அடுத்த பருவத்தில் மாதிரி எடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தேறிவிட்டது என்று தெரிந்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் போனில் கத்தினேன். அந்தப் பக்கம் அக்கா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

பெட்டிகள் ஏறின. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். மறுவாரமே நிலத்துக்கு வந்து, மொத்த விளைச்சலையும் தனக்கே தரச் சொன்னார். அக்கா பறிப்பதை நிறுத்தாமல் ஹிந்தியில் பதில் சொன்னாள். பாதிதான் அவருக்கு, மீதி தாராவிக்கு. அவர் விலையை ஏற்றிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள்.