கதவோரம் கேட்ட ஆங்கிலம்

என் வீட்டுக்குள் ஓர் ஆணின் குரல் கேட்டது. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தீவில் ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது பழக்கம். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை, நான் ஒருத்திதான். பின்னறையைப் படிக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விடுவேன். இந்தத் தடவை வந்தவள் அக்கரையில் பைராம் தோட்டத்துப் பெண். இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வந்த அன்று அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: ஆம்பளைகள் வரக்கூடாது. அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கும்போது சாவியைப் பார்த்துச் சொன்னேன்.

நான் அப்படித்தான். பாசாரில் மீன்காரர் நான் கேட்காத மீனை வெட்டிப் பையில் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதனால் அன்றைக்கும் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை. மடித்த சட்டையையே திரும்ப மடித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்தேன்.

அந்த ஆள் பேசியது ஆங்கிலம். நம் ஊர் ஆங்கிலம் இல்லை, வெள்ளைக்காரர் பேசுகிற மாதிரி. கூட ஒரு பொம்பளைக் குரல், அதுவும் இவளுடையது இல்லை. இரண்டு குரலும் போனிலிருந்துதான் வருகிறது என்பது தெரிந்தது. ஆள் உள்ளே இல்லை என்று கொஞ்சம் நிம்மதி. ஆனால் கேட்கக் கேட்க அந்த நிம்மதியும் போய்விட்டது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கில நம்பர் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்கு இருபத்தைந்து வருடம் ஃபெர்ரியில் போய் வந்தேன். பெட்டிகள் லோரியில் ஏறும்போது சூப்பர்வைசர் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் ஆங்கிலத்தில் கத்துவார். ஒரே தடவைதான். இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அதைக் காதில் வாங்கி எழுத வேண்டும். திரும்பக் கேட்டால் திட்டு விழும். திரும்பக் கேட்கிற ஆளா நான்? அதனால் ஒரு தடவை கேட்ட நம்பர் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அந்த ஆள் முதலில் தன் பெயரைச் சொன்னான். எழுத்து எழுத்தாகச் சொன்னான். அப்புறம் அட்ரஸ். அப்புறம் லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு ஒரு நம்பர்: ஃபைவ், டபிள் செவன், ஓ, த்ரீ, எய்ட். இவள் எழுதுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இவளே குரலை மாற்றிக்கொண்டு, "குட் மார்னிங்" என்று ஆரம்பித்துப் பேசினாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்கிற பெண், ஆஃபீஸில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

புதன்கிழமையும் அதே குரல், அதே பெயர், அதே நம்பர். வியாழக்கிழமையும்.

ஒரு மனிதன் எதற்காகத் தன் பெயரையும் நம்பரையும் மூன்று நாள் ஒரே ஆளிடம் சொல்ல வேண்டும்? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. அவன் இவளுக்குப் பேசப் பழக்கிக்கொடுக்கிறான். எங்கள் கட்டடத்திலேயே நான்காவது மாடியில் ஒரு பெரியவரைப் போனில் கூப்பிட்டு, கோர்ட்டிலிருந்து பேசுகிறோம் என்று மிரட்டிப் பணத்தையெல்லாம் கறந்துவிட்டார்கள். அப்போது பேசியது நல்ல மரியாதையான பெண் குரல் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். படிக்கிற பிள்ளைகளைத்தான் இந்த வேலைக்குப் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குப் போயிருந்தபோது மழை பிடித்தது. பின்னறை ஜன்னலைச் சாத்த உள்ளே போனேன். ஜன்னலைச் சாத்தத்தான் போனேன் என்று என்னிடமே இரண்டு தடவை சொல்லிக்கொண்டு போனேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்பக்கம் முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில வார்த்தை. யாரும் பார்க்காத உள்பக்கத்தில் ஏன் ஒட்ட வேண்டும்? காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நான்கு வார்த்தைகளை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

பக்கத்து வீட்டுக்காரி தமிழ் முஸ்லிம் பெண். கணவரின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து பழகியவள், அரசாங்கக் கடிதமெல்லாம் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். தாளைக் கண்ணுக்குக் கிட்டே, பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க கெடைச்சிச்சி?"

"சும்மா. என்னா போட்டிருக்கு?"

"இது ஃபிராடு. ஏமாத்து வேல. இது சாட்சி. இது... மெரட்டிப் பறிக்கிறதுலா. கடைசி எனக்குத் தெரியல." தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "யா அல்லா! அந்தப் புள்ளையா? பாத்தா வாயில வெரல வச்சாக்கூட கடிக்காது போல இருக்கே!"

"மெதுவா பேசு."

"என்னா மெதுவா! அக்கா, நீங்க போலீசுக்குப் போங்க."

"போலீசா? நான் போயி என்னான்னு சொல்றது?"

"அப்ப அவகிட்டயே கேளுங்கலா. ஒங்க வீடுதான? ஏன் சொந்த வீட்லயே திருடி மாதிரி நடக்கிறீங்க?"

கேட்கலாம்தான். அன்று சாயங்காலம் அவள் மைலோ கலக்க அடுப்படிக்கு வந்தபோது கேட்பதற்காகத்தான் நின்றேன். "மழையில நனைஞ்சியா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான் எங்கள் விசாரணை.

அவளிடம் கேட்க முடியாததை அவள் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முகம் தெரியாத போன் ஆயிற்றே, சுலபம். அவர் தோட்டத்தில் வேலை செய்பவர், மகளைக் கொண்டுவந்து விட்ட அன்று ஒரு தடவை பார்த்ததுதான். போனை எடுத்தார். பின்னால் மோட்டார் சத்தம். ஃபிராடு என்று எப்படிச் சொல்வது, ஒரு தகப்பனிடம்? "ஒண்ணுமில்ல. ஒரு தடவ வந்து ஒங்க பொண்ணப் பாத்துட்டுப் போங்க" என்றேன். "என்னா விஷயம்க்கா?" என்றார். "நேர்ல வாங்க. ரூம்ல ஆம்பள கொரலு கேக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்யவும் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வந்துவிட்டார். இருட்டோடு கிளம்பி மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றார். அந்த நேரத்தில் அவள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பை மாட்டி, எங்கோ அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வகுப்பு கிடையாது. அதையும் நான் மனதில் குறித்துவைத்தேன்.

"எங்க கெளம்பிட்ட? யாரப் பாக்கப் போற?"

"ப்பா! நீங்க எப்படி இங்க..."

"யாரு அவன்?"

"எவன்?"

"ரூம்ல பேசுறவன்! நான் அங்க வெயில்ல காய்றன், நீ இங்க ஆடுறியா? போதும் படிச்சது. துணிய எடுத்து வை. வீட்டுக்குப் போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் ஒரு தாள் குறைந்திருந்தது.

அழுதுகொண்டேதான் சொன்னாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையில் மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலப் போட்டி. காதால் கேட்டுப் பதில் எழுத வேண்டும், நிறைய வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும். அவள் படிக்கிற இடத்திலிருந்து மூன்று பேரை அனுப்புவார்கள். இன்றைக்கு எட்டரைக்குத் தேர்வு. தேர்வானால்தான் வீட்டில் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். "தோட்டத்துப் புள்ளைக்கு என்னா இங்கிலீஷுன்னு என் கிளாஸ்லயே சிரிக்கிறாங்கப்பா. ஒரு தடவதான் போட்டுக் காட்டுவாங்க. எட்டரைக்குக் கதவ மூடிருவாங்க. அப்புறம் விட மாட்டாங்க."

"அந்த ஆம்பள?"

"அது ரெக்கார்டிங்ப்பா. பழகுறதுக்கு. கேட்டுட்டு நானும் அதே மாதிரி பேசிப் பாப்பன்." கைப்பேசியைத் தட்டினாள். அதே குரல் கூடத்தில் கேட்டது.

தகப்பனார் முகம் இன்னும் கறுத்தது. "என் முன்னாடியே அவனக் கூப்பிட்டுப் பேச வைக்கிறியா? டேய், யாருடா நீ?" என்று கைப்பேசியைப் பார்த்துக் கத்தினார். அவன் பாட்டுக்குத் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ப்பா, அவனுக்கு நீங்க பேசுறது கேக்காது!"

"ஏன் கேக்காது? அவன் சொல்றது எனக்குக் கேக்குதே!"

எனக்கு அப்போதுதான் மனதில் பட்டது. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும். அட்ரஸ் சொன்னபிறகு, நம்பருக்கு முன்னால், அதே இடத்தில் அந்தச் செருமல் இருந்தது. உயிருள்ள மனிதன் நாள் தவறாமல் ஒரே வார்த்தைக்குப் பிறகு தொண்டையைச் செரும மாட்டான். இத்தனை நாளும் நம்பரைக் காதில் பிடித்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

மணி எட்டாகப் போகிறது. அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேசாவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நான்தான் மூடியவள் ஆவேன்.

"இப்ப செருமுவான்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கைப்பேசியில் அவன் செருமினான்.

"ஃபைவ், டபிள் செவன், ஓ, த்ரீ, எய்ட்" என்றேன். என் வாயிலிருந்து ஆங்கிலம், அதுவும் முன்பின் பழகாத ஓர் ஆண்பிள்ளை முன்னால். காது இரண்டும் சுட்டது. அவன் எனக்குப் பின்னாலேயே ஃபைவ், டபிள் செவன் என்று சொல்லி முடித்தான்.

தகப்பனார் தலைக்கவசத்தைக் கழற்றினார். "ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"பெட்டிக்குள்ள அடைச்ச கொரலுண்ணே. தெனமும் இதையேதான் சொல்லுது. நான் வெளிய நின்னு கேட்டன். தப்பு என்னுது. புள்ள மேல ஒண்ணுமில்ல. மொதல்ல கூட்டிட்டுப் போங்க, நேரமாவுது."

என் ஆயுளில் ஓர் அந்நிய ஆளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். லிஃப்ட் வரத் தாமதமானது. படியிலேயே இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரி கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "என்னாக்கா, புடிச்சிட்டாங்களா?"

"உள்ள போ" என்றேன்.

எட்டரைக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததில் முதல் பகுதியில் பாதி காதில் ஏறவில்லையாம். மூன்று பேரில் அவள் வரவில்லை. நான்காவதாக வந்தாள். யாருக்காவது முடியாமல் போனால் அவள் போகலாம். அப்பா அன்றே எனக்குப் போன் செய்து, பெருமையாகத்தான், "ரிசர்வுல எடுத்துட்டாங்கக்கா!" என்றார். அவள் என்னிடம், "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அந்தப் பரவாயில்லையை நான் இன்னும் நம்பவில்லை.

அலமாரியில் குற்றம் பற்றிய வார்த்தைகள் இருந்ததற்குக் காரணமும் பிறகு சொன்னாள். வாரத்துக்கு ஒரு தலைப்பு எடுத்துப் படிக்க வேண்டுமாம். அதற்கு முந்தின வாரம் முழுக்கப் பறவைகளாம். நான் ஒரு வாரம் முன்னால் ஜன்னலைச் சாத்தப் போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கொக்கு, மைனா என்று படித்துக் காட்டியிருப்பாள்.

இறுதிப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் விடாமல் பழகுகிறாள். இப்போது கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. அது அவள் உரிமை. திங்கட்கிழமைதோறும் கதவின் வெளிப்பக்கம், என் கண்ணுக்கு நேராக, ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருப்பாள். "இந்த வாரம்: சமையல் பாத்திரம்." அடுத்து, "இந்த வாரம்: வானிலை." முதல் சீட்டைப் பார்த்த அன்று அது எனக்கு வைத்த குத்தலா, உதவியா என்று யோசித்து அரை நாள் போனது. அவளிடம் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தவள், இப்போது ரப்பர் செருப்பு போட்டு நன்றாகத் தேய்த்து நடக்கிறேன், நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று.

இந்த வாரச் சீட்டில் "நோய்கள்" என்று இருக்கிறது. நேற்று மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே ஒரு புதிய ஆள் பேசிக்கொண்டிருந்தான். செருப்பைத் தேய்த்துக்கொண்டே கதவு வரை போய் நின்றேன். அவன் இருமினான். சரி, நோய்தான் என்று அடுப்படிக்குத் திரும்பினேன்.