நன்றாக இல்லை என்று சொன்ன மத்தியானம்

சாவு கேட்டு ஜெபம் பண்ணினவன் நான். சபையாரே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். மனைவி எஸ்தர் இறந்துபோன பிறகு, அடிவாரத்தில் குடியிருக்கும் என் மகன் என்னை ஏற்காட்டு முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து விட்டான். "வாராவாரம் வர்றேனுங்கப்பா" என்றான். வரவில்லை. சேலம் பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பேன். பிறகு அதையும் விட்டேன். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஊரையே அதட்டிய வாய் மூடிக்கொண்டது. கஞ்சி இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று மட்டும் கேட்டேன். அவர் அதைக்கூடச் செய்யவில்லை. அவர்மேல் எனக்கு அத்தனை கோபம்.

இல்லத்து நர்ஸ் கிரேஸ் மத்தியானத்தில் எங்களை வட்டமாக உட்கார வைப்பாள். ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அவள் வெளியூரில் பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்தது. எங்களுக்கோ வட்டமாக உட்கார்ந்தாலே ஜெபக்கூட்டம்தான். அங்கே குறை சொன்னால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே. அதனால் ஆளாளுக்கு, "ஸ்தோத்திரம், கர்த்தர் நல்லா வெச்சிருக்காருங்க" என்று முடித்துக்கொண்டார்கள். காலையில் அழுதவர்களும் அதையே சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை. கிரேசும் பாவம், என்ன செய்வாள்.

ஒரு நாள் ராக்கம்மா என்று ஒருவர் புதிதாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்து நாகலூரில் காப்பிப் பழம் பறித்தவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது.

"மனசு எப்படி இருக்குதுங்கம்மா?" என்று கிரேஸ் கேட்டாள்.

"நல்லா இல்லை கண்ணு. எம் மவ ஊட்டுல எனக்கு எடமில்லைன்னுட்டா. சோறு எறங்க மாட்டேங்குது. செத்துப்போனாத் தேவலைன்னு இருக்குது."

நான் திரும்பி ராக்கம்மாவைப் பார்த்தேன். நான் ஆண்டவரிடம் ஒளித்துச் சொன்னதை இவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே.

"எனக்கும் அப்படித்தானுங்க" என்றேன். மாதக்கணக்கில் பேசாத குரல், கரகரவென்று வந்தது. பிறகு அழுகை. ரைட்டர் அழுகிறான் என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, கஞ்சி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"நானும் இல்லீங்க. வாங்க, ஆளுக்கொரு வாய் குடிக்கலாம்."

குடித்தேன். அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளதைச் சொல்லத் தொடங்கினார்கள்.

துக்கம் தீர்ந்தது என்றால் பொய். மகன் இன்றுவரை வரவில்லை. போன மழையில் ராக்கம்மாவும் கண்ணை மூடிவிட்டார். அன்றைக்கு ஆண்டவர்மேல் மறுபடியும் கோபப்பட்டேன். ஆனாலும், கேட்ட சாவைத் தராமல் கேட்காத துணையைத் தந்தாரே, அதற்கு அவருக்குக் கோடி நன்றி. உங்களில் யாராவது என்னைப் போல் சாவு கேட்டுக்கொண்டிருந்தால், எங்களோடு வந்து உட்காருங்கள். உள்ளதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். தாங்குவார்.

நேற்று மத்தியான வட்டத்தில் என் முறை வருவதற்குள் நேரமாகிவிட்டது. படுக்கும்போது, "நாளை மத்தியானம் வரைக்குமாவது என்னை வையும், ஆண்டவரே" என்று கேட்டேன்.