துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

என் அத்தைக்கு அடங்காத இயந்திரமே கிடையாது. பர்மாவில், எங்கள் ஊர்க்கோடியான லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு தகரப் பெட்டியோடு கிளம்புவாள். அந்தப் பெட்டியைத் தொட வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை, போலீஸ்காரரான மாமாவுக்கும்தான்.

மாமா பர்மாக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் கற்றவர் என்பதால் மரியாதையில் குறை வைக்கமாட்டார். சின்னப் பெண்ணான என்னையும் "சாப்பிட்டீங்களா?" என்பார், பூனையிடமும் அப்படியே கேட்பார். ஆயுத பூஜையன்று மட்டும் ஊர் நடுவே பபேடானில் இருந்த எங்கள் மாடி வீட்டுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவருவார். அத்தையின் ஸ்குரூடிரைவர்களுக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் அது சமர்த்தாகக் கிடக்கும். அத்தைதான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள்.

துப்பாக்கி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலிவான கைத்துப்பாக்கி. பலர் கைமாறி வந்து, கறுப்புப் பூச்சு தேய்ந்து ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

ஒரு வருஷம் ஊர் கலங்கிக் கிடந்தது. தெருக்களில் அரசாங்கத்தை எதிர்த்துக் கூட்டம் கூடியது, பெரியவர்கள் ரேடியோவைச் சன்னமாக வைத்துக் கேட்டார்கள். அந்த வருஷ ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மாலை மாமா வாடிய முகத்தோடு துப்பாக்கியை எடுத்து வந்தார். பயிற்சியில் அது பாதியில் நின்றுபோகிறதாம். வரப்போகும் சோதனையிலும் நின்றால், ஆயுதத்தை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று அவரைச் சண்டை நடக்கும் எல்லைப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை.

"நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார்.

அத்தை உடனே கை வைக்கவில்லை. "சரி பண்ணிக் கொடுத்தா, கூட்டத்தைச் சுடச் சொல்வாங்களே. அப்ப என்ன செய்வீங்க?"

"தெரியலைங்க" என்றார் மாமா.

அத்தை பெட்டியைத் திறந்தாள். உள்ளே தோட்டா இல்லை என்று மாமா சொல்லியும் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தோட்டா அடுக்கும் கூடு இரண்டு இருந்தது. மாமா கொண்டுவந்திருந்த, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை இரண்டிலும் போட்டு, கூட்டை மாற்றி மாற்றிச் செருகி, மேல்பாகத்தை இழுத்து இழுத்து விட்டாள். நூல் அறுந்தால் முதலில் பாபினை மாற்றிப் பார், பிறகு மெஷினைத் திட்டு என்பது அவள் வழக்கம். ஒரு கூட்டில் தோட்டாக்கள் ஒழுங்காக ஏறின, மற்றதில் மூக்கு முட்டி நின்றன. இரண்டின் சுருள்கம்பிகளையும் உருவிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்று மற்றதைவிடக் குட்டையாகத் தளர்ந்திருந்தது.

"இது கிழடாயிருச்சு. ஸ்டோர்ல வேற கேளுங்க."

மறுநாள் புதுக் கம்பி வந்தது. தோட்டா ஏறியது. ஆனால் இழுத்து விட்ட மேல்பாகம் மட்டும் சோம்பேறித்தனமாகத் திரும்பி வந்து, முழுதாக மூடாமல் நின்றது. மாமா விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

அத்தை அதை வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேல்பாகத்தைக் கழற்றி, மெஷின் துடைக்கும் சின்ன பிரஷ்ஷை, கண்ணால் தேடாமலே, உள்ளே ஒரு பள்ளத்தில் நுழைத்தாள். விரித்திருந்த செய்தித்தாளில் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். காய்ந்த சந்தனம்!

ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினாள். இப்போது இழுத்து விட்டதும் 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. டாக்டர்கூட மூன்று முறை ஊசி குத்தித்தான் என் நரம்பைக் கண்டுபிடிப்பார், என் அத்தை பார்க்காமலே துப்பாக்கியின் நோயைப் பிடித்துவிட்டாளே! உலகத்தில் அவளைவிடப் பெரிய ஆள் இல்லை என்று அன்று முடிவு கட்டினேன்.

மாமா அந்த மஞ்சள் தூளையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

சோதனையில் மாமா தேறினார். அவரை எல்லைக்கு அனுப்பவில்லை. கூட்டத்துக்கு எதிரே அவர் போய் நின்ற நாட்களில் அத்தை சோறு தொடவில்லை. யாரையும் சுடாமல் திரும்பி வந்தார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. தெருவில் கூட்டம் இன்னும் அடங்கவில்லை. அத்தை துப்பாக்கியின் வெளியே, பிடியில் மட்டும், ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். மாமா குனிந்து துப்பாக்கியை எடுத்தார். மேல்பாகத்தைத் தானே கழற்றி, உட்புறம் தெரியும்படி அவளிடம் நீட்டினார்.

"போன தடவை வச்ச இடத்திலேயே வைங்க" என்றார்.

அத்தை விரல் நிறையச் சந்தனத்தை அள்ளினாள். அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததை இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுக்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.