கரி லாரியும் ஆரியங்காவு ஏற்றமும்

லாரிக்காரனுக்கு இஞ்சின் இழுக்கிற வரைக்கும்தான் மரியாதை. அது நின்றுவிட்டால் வழியில் போகிறவனெல்லாம் புத்தி சொல்வான். யுத்த காலத்தில் கரி லாரி ஓட்டி நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆமென்று தலையாட்டுவீர்கள்.

பாதி பலம், முழுப் பாரம்

பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் எங்கள் முதலாளி லாரியில் ஆளுயர இரும்பு டிரம் ஒன்றைப் பொருத்தினார். அதில் விறகுக்கரியைப் போட்டு மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றிக் காத்திருந்தால் வாயு வரும். அதில்தான் இஞ்சின் ஓடும். தூத்துக்குடியிலிருந்து தென்காசி வரை எப்படியோ போய்விடும். ஆரியங்காவு மலையில் ஏறும்போதுதான் பலம் பாதியாகிவிட்டது தெரியும். பாரத்தைக் குறையுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“பெட்ரோலத்தானலே மாத்திருக்கோம், வண்டி அதே வண்டிதான? ஏத்து.”

உடன்குடிச் சரக்கு

சீனி கிடைக்காத நேரம். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடைக்கு உடன்குடிக் கருப்பட்டி கொண்டுபோனோம். மூன்றாம் வளைவில் வண்டி முனகி நின்றது. கிளீனர் சூசை பெரியதாழைக்காரர், என்னைவிட மூத்தவர், தோணி வேலையை விட்டு லாரிக்கு வந்தவர். இருவருமாகப் பாதிச் சிப்பங்களைச் சாலையோரம் இறக்கிவைத்துவிட்டு மேலே போனோம். வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போட சூசை வேண்டும். ஆகவே காவலுக்கு ஆளில்லை.

திரும்பி வந்தால் மரமெல்லாம் குரங்கு. கைக்குக் கை கருப்பட்டி. கடைக்காரரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கிழிந்த சிப்பங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“நான் கடை வச்சிருக்கது தோட்டத்து ஆளுகளுக்கா, குரங்குகளுக்கா?”

முதுகு காட்டி ஏறியது

முதல் கியரில் இழுக்காத ஏற்றத்தை ரிவர்ஸில் ஏறிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். கழுத்தைத் திருப்பியபடி, சூசை கைகாட்டக் காட்ட, இரண்டு மைல் பின்பக்கமாகவே ஏறினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. சோதனைச் சாவடிக்குள் வண்டியின் பின்புறம் முதலில் நுழைந்ததும் போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“நீ மலைக்குப் போறியா, மலையிலருந்து வாரியா? அதைச் சொல்லு முதல்ல.”

மரத்தில் கட்டிய லாரி

அடுத்து, அதே தோட்டத்துக்குத் தேயிலை உலர்த்தும் இயந்திரம். கப்பலில் வந்த ஒரே இரும்புப் பாறை. செங்குத்தான வளைவில் வாயுக்குழாய் புகைக்கரியால் அடைத்து இஞ்சின் அணைந்தது. பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். அப்படியும் வண்டி அங்குலம் அங்குலமாக வழுக்கியது. சூசை போட்ட கட்டை பிளந்துவிட்டது. பின்னால் பள்ளம். விலகி ஓடச் சொல்லிக் கத்தினேன். அவர் ஓடினார், ஆனால் முன்பக்கம். வண்டியின் முன்னால் சுருட்டி வைத்திருந்த தன் பழைய தோணிக்கயிற்றை முன்கொக்கியில் மாட்டி, மேலே நின்ற தேக்குமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கயிறு கிரீச்சிட்டது, வண்டி நின்றது.

அவர் கயிற்றை முடிந்து, சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். சூசையின் உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம். என் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவர் சொன்னார்:

“தோணின்னா நங்கூரமாவது உண்டு. இதுல உம்ம காலையில்லா நம்பி வந்திருக்கேன்.”

போய்ச் சேர்ந்த இடம்

குழாயைச் சுத்தம் செய்து, மறுநாள் சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த குமாஸ்தா இயந்திரத்தில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சூசையின் கைக்கட்டை அவர் பார்க்கவேயில்லை.

“சீக்கிரம் இறக்குங்க. இதைவிடப் பெருசு ஒண்ணு துறைமுகத்துல வந்து கிடக்கு. அதையும் நீங்களே கொண்டாந்திருங்க.”

மொத்தத்தில், அந்த மலைப்பாதையில் நான் லாரியை ஓட்டியதைவிட, அது பின்னால் போகாமல் பிடித்து வைத்ததுதான் அதிகம்.