கரையில் நின்ற அரை மணி நேரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஈர விரிப்புகளை இழுத்து, உதறி, மடித்து அடுக்கியே மணிக்கட்டு இறுகிப்போனவள். தூண்டில் நூலை வீசும்போது அந்த மணிக்கட்டு தனியாகத் தெரியும்.

புழு மாட்டும் தூண்டில் அல்ல இது. இறகையும் நூலையும் சின்ன முள்ளில் சுற்றி, தண்ணீரில் விழுந்த ஈயைப் போல ஒன்றைக் கட்டி, ஓடும் ஆற்றில் மீனின் மூக்குக்கு நேராகச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிடித்த மீனை நடுவர் அளந்ததும் உயிரோடு விட்டுவிட வேண்டும்.

"பிடிச்சு விடறதுக்கா இந்தப் பாடு?" என்பார் அவள் கணவர்.

"நீங்க ஃபுட்பால் பாக்குறீங்களே, பந்தை வறுத்தா சாப்பிடுறீங்க?"

ஒன்பது வயது இளைய தங்கையை ஆற்றுக்கு முதலில் கூட்டிப்போனவள் அவள்தான். தங்கைக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவருக்குப் பிரேக் போட்டே பழகியவள். நாட்டின் பெண்கள் அணிக்குத் தங்கை கேப்டன் ஆனபோது அக்கா உச்சி குளிர்ந்துபோனாள். அணியில் ஐந்து பேர், மாற்று ஆளாக ஒரு கணக்கு டீச்சர். தங்கை கூப்பிடுவதைக் கேட்டு எல்லாருக்குமே அவள் 'அக்கா'தான். அவளைவிட மூன்று வயது மூத்த டீச்சர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

உலகப் போட்டிக்கு விடுப்புக் கேட்டபோது மேலதிகாரி சிரித்த சிரிப்பை விழுங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள். போய் இறங்கினால், மற்ற நாட்டுக்காரர்கள் இரண்டு வாரம் முன்பே வந்து, அந்தப் பக்கத்து ஆறுகளைக் கல் கல்லாகப் படித்துவைத்திருந்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது மூன்றே நாள். தண்ணீரோ எலும்பைத் தொடும் குளிர்.

போட்டி ஐந்து சுற்று. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். யாருக்கு எந்த இடம் என்பது குலுக்கலில் வரும். முதல் இரண்டு சுற்றில் அவளுக்கு ஏழு மீன். மூன்றாவது சுற்று ஏரியில், படகில். காற்று சுழன்றடித்தது. எதிரணிப் பெண்ணோடு ஒரே படகில் உட்கார்ந்து, நூல் வீசிய நேரத்தைவிட விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்த நேரமே அதிகம். ஒரு மீனும் இல்லை. நான்காவது சுற்றில் முழங்கால் ஆழம்கூட இல்லாத இடம் விழுந்தது. கிடைத்த ஒரே மீனும் அளவுப் பலகையில் அரை விரற்கடை குறைந்தது. நடுவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அதைத் தண்ணீரில் விட்டார். இரண்டாவது பூஜ்யம்.

இத்தனைக்குப் பிறகும் அணி மூன்றாம் இடத்தில் நின்றது. பதக்கம் கைக்கெட்டும் தூரம்.

அன்று சாயங்காலம் சகோதரிகள் இருவரும் ஒரே ஹோட்டல் அறையில் இருந்தார்கள். தங்கை தன் கட்டிலில் உட்கார்ந்து, சிக்கே இல்லாத நூலுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பாட்டு அறைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. கடைசிச் சுற்றில் அக்காவுக்குப் பதில் டீச்சர்.

"அக்கா, நான் கேக்கவே இல்ல..." என்றார் டீச்சர், கையில் காப்பிக் கோப்பையோடு.

அக்கா படிக்கட்டில் தங்கையைப் பிடித்தாள்.

"நேத்து சாயங்காலம் பூரா எதிர்க்கட்டில்ல உக்காந்திருந்தியே, வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்த?"

"சொல்ல வரலைக்கா. ரெண்டு பூஜ்யம். உன் இடத்துல யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"வேற யாரா இருந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்ப."

தங்கை ஒரு படி கீழே இறங்கினாள். "நீ டீச்சர் நிக்கிற இடத்துக்குப் போ. தண்ணில இறங்கக் கூடாது, கரையிலேருந்து சொல்லலாம். உன் கண்ணு யாருக்கும் வராதுக்கா" என்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது அக்காவுக்கு.

டீச்சருக்குக் கிடைத்தது நல்ல வளைவு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அக்கரையோரத்து வேகமான ஓட்டத்தில் வீசிக்கொண்டிருந்தார். முதல் மணி நேரத்தில் ஒரு மீன். பிறகு ஒன்றும் இல்லை. அக்கா மேட்டுக் கரையில் நின்றாள். வெயிலில் தண்ணீரின் மேல்தளம் டீச்சர் கண்ணுக்குத் தகரம்போல மின்னியிருக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் அடி வரை தெரிந்தது. இக்கரையில் சாய்ந்துகிடந்த மரத்தின் நிழலில் மூன்று மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று இரை எடுத்துக்கொண்டிருந்தன. வாய் திறக்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை பளிச்சிட்டது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல டீச்சர். அங்கயே வீசுங்க."

வாய் அப்படிச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஆனால் திருத்தவில்லை. என்னை உட்கார வைத்தார்களே, பார்க்கட்டும் என்று உள்ளே ஒன்று கறுவியது. நடுவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இவர்கள் பாஷை தெரியாது. அரை மணி நேரம் அவள் அந்த மூன்று மீன்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

டீச்சருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. விறைத்த விரலால் முடிச்சுப் போட வராமல், நூலைப் பல்லால் இழுத்தார். நழுவியது. மறுபடி இழுத்தார். யாரையும் நொந்துகொள்ளவில்லை. இந்த மனுஷி எனக்கு என்ன செய்தாள் என்று அக்காவுக்குத் தோன்றியதும் தொண்டை தானாகத் திறந்தது.

"டீச்சர்! இந்தப் பக்கம்! மர நிழல்ல! மூணு நிக்குது, பின்னாடி இருக்கறத மொதல்ல எடுங்க!"

பதினெட்டு நிமிடம் மிச்சம். பின்னால் நின்ற மீன் வலைக்குள் வந்தது. நடுவர் அளந்து எழுதிக்கொண்டார். அடுத்தது வலைக்கு ஒரு முழம் முன்னால் முள்ளை உதறிவிட்டுப் போயிற்று. மூன்றாவது மிரண்டு மறைந்தது. விசில் ஊதினார்கள்.

அணிக்கு நான்காம் இடம். இன்னும் ஒரே ஒரு மீன் கிடைத்திருந்தால் பதக்கம்.

தங்கை டீச்சரைக் கட்டிக்கொண்டாள். "கடைசில ஒண்ணு எடுத்தீங்களே, அது போதும்."

"எல்லாம் அக்கா கண்ணு" என்றார் டீச்சர். அக்கா ஈரக் கைவலைகளைக் காயப்போடப் போவதுபோல நகர்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பி, விமான நிலையத்தில் பெட்டிகளுக்குக் காத்திருக்கும்போது மூன்று மீனைப் பார்த்தும் மறைத்ததை அக்கா தங்கையிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

தங்கை சுழலும் பட்டையையே பார்த்தாள். "எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"டீச்சர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." தன் பெட்டி வந்ததும் எடுத்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் அக்காவின் பெட்டியையும் சேர்த்துத் தள்ளிப்போகிறவள்.

மறு வாரம் அக்கா டீச்சர் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் திருத்த வேண்டிய தேர்வுத் தாள்கள் குவிந்திருந்தன. டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குக் கை விறைச்சுப்போச்சே, அப்பவும் பாத்துட்டுதான் நின்னீங்களா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு மூச்சு வந்திருக்கும். "சரி, கிளம்புங்க. இதையெல்லாம் நாளைக்குக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து அடுத்த அணித் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. அதுவரை அம்மாவின் மாத்திரை, கரண்ட் பில் என்று மட்டுமே பேசிவந்த தங்கை அன்று போன் செய்தாள்.

"செலக்‌ஷனுக்கு வர்றியா?"

"டீச்சர் வர்றாங்களா?"

"வரலையாம். காரணம் கேட்டேன், சொல்லல."

"அப்ப நானும் வரல."

"அவங்க வராததுக்கு நீ ஒரு காரணம். நீயும் வராம இருந்தா அது சரியாயிடுமா? நான் யாரை வச்சுக்கா தண்ணில இறங்குறது?" தங்கையின் குரல் உடைந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அழுகையை மறைக்கத் தெரியாது.

அக்கா போனைக் காதில் அழுத்தியபடி நின்றாள். வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, வரமாட்டேன் என்று மறுபடி சொல்லவும் மனம் வரவில்லை. தங்கையும் போனை வைக்கவில்லை.