சர்தார் பாஷா போட்ட ஆகாய வழி

ஆம்பூர்த் தோல் கிடங்கின் வாசலில் தினமும் குடையை நிமிர்த்திப் பிடித்து நிற்பான் சர்தார் பாஷா. குடை நுனியில் ஒரு மஸ்லின் துண்டு கட்டியிருக்கும். அது பறக்கும் பக்கத்தைப் பார்த்து, "காத்து மேக்கால இருந்து, வேகம் கம்மி" என்று முணுமுணுத்து நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் உள்ளே போவான். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாடை எந்தத் தெருவுக்குப் போகிறதென்று மோந்தாலே காற்று தெரியுமே என்பார் மேஸ்திரி கோவிந்தசாமி. பாஷா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வயது இருபத்துமூன்று. மெட்ரிகுலேஷன் தேறியவன். பதனிட்ட ஆட்டுத்தோலைக் குறையும் நிறமும் பார்த்து ரகம் பிரிப்பது வேலை. ஒரு தடவு தடவினால் போதும், முள் கீறலா அம்மைத் தழும்பா என்று சொல்லிவிடுவான். மனசு மட்டும் கராச்சியிலிருந்து மதராஸுக்குத் தபால் கொண்டுவரும் விமானத்தில் இருந்தது.

அதற்கு வழி போட்டு வைத்திருந்தான். முதலில் டாக்டர் சர்டிபிகேட். பிறகு மதராஸ் போய், விமானக் கொட்டகையில் மெக்கானிக்குக்குக் கையாளாக இருந்துகொண்டே விமானம் ஓட்ட 'ஏ' லைசென்ஸ். இன்னும் பல மணி நேரம் பறந்தால் 'பி' லைசென்ஸ். அது இருந்தால்தான் ஜனங்களை ஏற்றிப் போகலாம். உயரத்துக்குப் பயம் தெளிய ஞாயிறுதோறும் மலை ஏறினான். தந்தி பாஷையைச் சாப்பாட்டுத் தட்டில் தட்டிப் பழகினான்.

"கல்யாணம் எந்தப் படியிலடா வருது?" என்று அக்கா மஹ்பூபி கேட்டாள்.

"'பி' லைசென்ஸுக்கு அப்புறம், ஆபா."

சர்டிபிகேட்டுக்காகப் போனபோது, வேலூர் டாக்டர் நெஞ்சையும் காதையும் சோதித்துவிட்டு, மேஜைமேல் பல நிறக் கம்பளி நூல் சிட்டங்களைக் கொட்டினார். ஒரு பச்சைச் சிட்டத்தைக் கொடுத்து, இதோடு சேருவதையெல்லாம் எடுத்து வை என்றார். பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. பழகிய கை, நிமிஷத்தில் பிரித்துவிட்டான். டாக்டர் அந்தக் குவியலையே பார்த்தார்.

"இன்னா வேலை பண்றே?"

"தோல் ரகம் பிரிக்கிறேன், சார்."

"இதுல பாதி சேப்புப்பா. சேப்பு விளக்கும் பச்சை விளக்கும் உனக்கு ஒண்ணாத்தான் தெரியும். பைலட் வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மெக்கானிக்குக்கும் இந்த நூல் சோதனை உண்டா, சார்?"

அவருக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்கச் சொன்னார்.

திரும்பும் ரயிலில்தான் போன மாதத்துச் சங்கதி நினைவுக்கு வந்தது. வெளிர் தோல் கட்டுக்குள் சிவந்த தோல் கலந்திருப்பதாக லண்டனிலிருந்து புகார் வந்திருந்தது. அந்தக் கட்டைக் கட்டிய கூலிக்காரி எல்லம்மாவைத் தண்டனையாகச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். "நீ எடுத்து வச்சதத்தான் பாய் கட்டுனேன்" என்று அவள் அழுதபோது, பொய் சொல்கிறாள் என்றே பாஷா நினைத்தான். ஆம்பூர் வரும்வரை அவன் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் காலை மேஸ்திரியிடம் போனான்.

"அன்னிக்குக் கலந்தது நான்தான், மேஸ்திரி. எனக்குச் சேப்பு தெரியாது."

"யாருடா உன்னக் கேட்டாங்க? வேலையே போய்டும்டா!"

"போனா பேஜார்தான். அதுக்காவ அவ தொட்டியில நிக்கணுமா?"

கோவிந்தசாமி எல்லம்மாவைக் கூப்பிட்டனுப்பி, பாஷாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுண்ணாம்பில் வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமல் உட்கார்ந்தாள்.

பாஷா முதல் தோலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தான்.

"எல்லம்மா, இது இன்னா கலரு?"

அவள் நிமிர்ந்து பதில் சொல்லும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.