கொரின் போட்ட கையெழுத்து

கொரின் வாஸ்கோ இருபத்தோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில் அவள் வண்டியில் ஏறாத பிள்ளைகள் குறைவு. கரகரத்த குரல், கனத்த கை. சுற்றுலா நாட்களில் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டுகளை வாங்கி அடுக்குவதும் அவள்தான். அதை யாரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாக அவளுக்குத் தோன்றியதில்லை. அவளும் படித்ததில்லை.

ஜனவரியில் மகள் ப்ரென்னா ஒரு தாளோடு வந்து நின்றாள். மெய்ன் மாநிலத்தில் கடலோரக் கல்லூரி ஒன்றுக்கு அவள் எல்லாரையும்போல விண்ணப்பித்திருந்தாள். பதில் மார்ச் கடைசியில்தான் வரும். அதை முன்முடிவு விண்ணப்பமாக மாற்றினால் பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும்.

"மாத்தினா என்னடி லாபம்?"

"எடம் கெடைக்க வாய்ப்பு கூடும்மா. ஆனா கெடைச்சா அங்கதான் சேரணும். மத்த எடத்துக்குப் போட்டதெல்லாம் வாபஸ்."

"கல்யாணம் மாதிரி இருக்கே."

"உன் கல்யாணத்தவிட உறுதியாத்தான் இருக்கும்."

கொரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயப் பாரு. எங்க போடணும்?"

மகள், தாய், பள்ளி ஆலோசகர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். கொரின் நின்றபடியே, காப்பிக் கோப்பையைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு போட்டாள். ஆலோசகர் டில்லட்சன் அம்மாள் போன் செய்து கேட்டார்: "உதவித்தொகை எவ்வளவு வரும்னு பாத்தீங்களா, கொரின்?"

"பஸ் ஓட்டறவ சம்பளத்தப் பாத்தா அவங்களே அழுதுடுவாங்க, மேடம்."

பிப்ரவரியில் இடம் கிடைத்தது. ப்ரென்னா வீட்டைச் சுற்றி ஓடினாள். அந்தச் சாயங்காலமே, சொன்ன சொல் தவறாத பிள்ளையாக, மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிட்டாள். நாற்பது நிமிடத் தொலைவிலிருந்த மாநிலப் பல்கலைக்கழகம் முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்வதாக டிசம்பரிலேயே எழுதியிருந்தது. அதுவும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து கடிதம். உதவித்தொகைக்குத் தகப்பனின் வருமானமும் தெரிய வேண்டுமாம்; விவாகரத்து ஆகியிருந்தாலும் வேண்டுமாம்.

அரிசோனாவில் புதுக் குடும்பத்தோடு இருக்கும் டுவேனுக்குக் கொரின் போன் போட்டாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

"காசு கேக்கல டுவேன். வருமானத்த எழுதிக் கொடு, போதும்."

"அவளுக்குப் பதினெட்டாச்சு. என் கடமை முடிஞ்சுது. என் கணக்கு உன் கண்ணுல படவேண்டாம்."

"அது எனக்கு வராது. நேரா காலேஜுக்குத்தான் போகும்."

"உன்ன எனக்குத் தெரியாதா, கொரி?" போன் வைக்கப்பட்டது.

அப்பனைக் கணக்கில் சேர்க்காமல் பார்க்கும்படி கல்லூரியைக் கெஞ்சினார்கள். தகப்பன் அடியோடு தொடர்பறுந்தவராக இருந்தால்தான் அப்படிச் செய்ய முடியும் என்றார்கள். டுவேனோ மாதம் தவறாமல் நீதிமன்றம் வழியாக ஜீவனாம்சம் அனுப்பி வந்தவன். அவன் செய்த ஒரே ஒழுங்கான காரியம் மகளின் கழுத்தில் வந்து விழுந்தது.

உதவித்தொகை இல்லை. ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று கல்லூரி மரியாதையாக எழுதியது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு, சலுகை மட்டும் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது என்றார்கள். டில்லட்சன் அம்மாள், மூவரும் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகலை எடுத்து, பொடி எழுத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"உதவித்தொகை முடிவு தெரியற வரைக்கும் மத்தத வாபஸ் வாங்க வேண்டியதில்லனு இதுலயே போட்டிருக்கே, கொரின். நானாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். நானூறு பிள்ளைங்களுக்கு நான் ஒருத்தி..."

கொரின் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். எழுத்து பொடியாக இருந்ததே தவிர, புரியாதபடி ஒன்றும் இல்லை.

மே மாதம், ஊரிலேயே உள்ள, கட்டணம் குறைந்த இரண்டு வருடக் கல்லூரியில் ப்ரென்னா பெயர் கொடுத்தாள். சாயங்காலங்களில் மளிகைக் கடையில் வேலை. ஒருநாள் அவள் சீருடையை மாட்டிக்கொண்டிருக்கும்போது கொரின் வாசலை மறித்து நின்றாள்.

"என்னை ஒரு தடவ நல்லா திட்டிடேன்டி."

"எதுக்கு? நானும்தான் படிக்கல."

"நான் பெரியவ."

"திட்டினா உனக்கு ஆறிடும்மா. எனக்கு?" ப்ரென்னா சட்டைப் பொத்தானைப் போட்டாள். "வழி விடு, நேரமாச்சு."

கொரின் ஒதுங்கி நின்றாள்.